வேறு மை

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் மேற்பார்வையாளர் டாரதி மேடம் சொல்லிவிட்டார், அதனால் எழுதுகிறேன். களப்பணியாளர்கள் எல்லாரும் தினமும் நாலு வரியாவது எழுத வேண்டுமாம். அடுத்தவர் மனசைக் கேட்கப் போகிறவள் தன் மனசையும் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். யாரும் வாங்கிப் படிக்க மாட்டார்களாம். அப்படியென்றால் எழுதினேனா இல்லையா என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்காமல் விழுங்குவதில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம்.

பெயர் சண்முகக்கனி. வயது முப்பத்தொன்பது. வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் வெளியூர். தொண்டு நிறுவனம் நடத்தும் மனநலத் திட்டத்தில், நான் குடியிருக்கும் அளத்தடி காலனியின் மூன்று தெருவும் என் பொறுப்பு. எல்லாம் உப்பளத்து வேலைக்குப் போகும் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் போய் ஒரு தாளில் அச்சடித்த ஒன்பது கேள்விகளைக் கேட்க வேண்டும். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, மனசு சோர்ந்து கிடக்கிறதா என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்: இல்லவே இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், அநேகமாகத் தினமும். கூட்டினால் பத்துக்கு மேல் வருகிறவர்களை டாக்டர் வரும் வியாழக்கிழமை முகாமுக்கு அனுப்ப வேண்டும். இது போக, சனிக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு மன்றம் நடத்த வேண்டும்.

எங்கள் பக்கம் பைத்தியத்துக்குக் கோட்டி என்று பேர். என் பதிவேட்டுக்குக் காலனிக்காரர்கள் வைத்த பேர் கோட்டி நோட்டு. நான் தெருவுக்குள் நுழைந்தால், "கோட்டி நோட்டு வருது, கதவச் சாத்து" என்பார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சாத்தியும் விடுவார்கள்.

ஒன்பதாவது கேள்விதான் எனக்கு ஆகாது. செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ இரண்டு வாரத்தில் நினைத்தது உண்டா? 'இல்லவே இல்லை' தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே மேடத்துக்குப் போன் போட வேண்டும். அடுப்பில் உலை கொதிக்கிற வீட்டில், பிள்ளைகள் காலைச் சுற்றி நிற்கும்போது இதை எப்படிக் கேட்பது? சும்மா இருக்கிறவள் மனசில் நாமே விதை போட்ட மாதிரி ஆகாதா? அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் கிடக்கும் நீலப் பேனாவால் எல்லாத் தாளிலும் ஒன்பதாவதுக்கு மட்டும் 'இல்லவே இல்லை'யில் டிக் போட்டு வைத்துவிடுவேன். வீட்டுக்குப் போய் எட்டு கேள்வி கேட்டால் போதும். எட்டு மாதமாக இப்படித்தான் ஓடுகிறது.

இதற்கும் என் தங்கச்சி சரசுவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சரசு கிணற்றில் தவறி விழுந்தாள். இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. குளிக்காமலே கிளம்பினேன். ஏழு வீடு முடித்தேன்.

ஏழாவது இசக்கிதேவி வீடு. நம் மன்றத்தின் தலைவி, பத்தொன்பது வயது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் அவளை 'போலீஸ் அக்கா' என்றுதான் கூப்பிடும். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறினபோது காலனியே சேர்ந்து பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டியது. போன மாதம் உயரம் அளக்கக் கூப்பிட்டார்கள். அரை சென்டிமீட்டர் குறைவு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டம் குறைந்தால் ஓடிப் பழகலாம், படிப்பு குறைந்தால் படிக்கலாம். உயரத்துக்கு என்ன செய்வாள் பிள்ளை? பேனர் இன்னும் தொங்குகிறது. அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை. அவள் தினமும் அதற்குக் கீழே நின்றுதான் அளத்துக்குப் போகும் வண்டியில் ஏறுகிறாள், அவள் அம்மா சொர்ணத்தோடு.

தயங்காமல் பதில் சொன்னாள். தூக்கம் இல்லை, தினமும். பசி இல்லை. எதிலும் பிடிப்பு இல்லை. ஆபீஸில் கொடுத்த கறுப்புப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கூட்டினால் பதினாலு. எட்டாவது முடிந்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் தேதி முகாமுக்கு வா என்று சீட்டு கொடுத்தேன். வாரேன்க்கா என்றாள்.

வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது கவனம் இல்லாமல் பாதியைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

ஜூன் 7, சனி

மன்றத்துக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். இசக்கி கபடி சொல்லிக் கொடுத்தாள். முடிந்ததும் தன் ஓட்டப் பயிற்சி ஷூவைக் கழற்றி எட்டாம் வகுப்பு வளர்மதிக்குக் கொடுத்துவிட்டாள். புதுசு, இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏட்டி, உனக்கு வேண்டாமா என்றேன். எனக்கு எதுக்குக்கா இனிமே என்றாள். நல்ல மனசு.

வீட்டுக்காரர் போன் பண்ணினார். எடுக்கவில்லை. என்ன பேசுவது? சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீஸில் பயிற்சி.

இரண்டு விஷயம். முதலாவது, ஒவ்வொருவர் பதிவேட்டிலிருந்தும் பத்து வீட்டைப் பொறுக்கி எடுத்து, மேடமே நேரில் போய்ச் சரிபார்ப்பாராம். வருகிற வாரம் தொடக்கமாம். ஒன்பதாவது கேட்டாங்களா என்று மேடம் ஒரு வீட்டில் கேட்டால் தீர்ந்தது கதை.

இரண்டாவது, தன்னை முடித்துக்கொள்ள நினைக்கிறவர்கள் முன்கூட்டியே காட்டும் அடையாளங்கள் என்று பலகையில் எழுதிப் போட்டார். தூங்காமல் இருப்பது. ஒதுங்குவது. ஆசையாக வைத்திருந்த பொருளை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவது. அதுவரை தவித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிடுவது. மூன்றாவதை நோட்டில் எழுதும்போது பேனா நின்றுவிட்டது. வளர்மதி காலில் அந்த ஷூ.

கேட்டால் அந்த நினைப்பை நாமே தூண்டிவிட்டதாக ஆகாதா என்று பக்கத்து ஊர் பொறுப்பாளர் கேட்டாள். மேடம் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "நெனப்பு ஏற்கெனவே உள்ள இருக்கு. நீங்க கேட்டாத்தான் அது வெளிய வர வழி கெடைக்கும். கேக்காம வந்துட்டீங்கன்னா, அவங்க அதோட தனியா இருப்பாங்க."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று தோன்றியது. எல்லாரையும் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். வேலை போய்விடுமே என்றுதான் முதலில் பயந்தேன், பிள்ளை ஞாபகம் அப்புறம்தான் வந்தது. இதை யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

அளத்துக்கே போனேன். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. இசக்கி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வரப்புக்கு ஏறி வந்தாள். கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு கேள்விதான் வந்தது. "சாப்ட்டியா இசக்கி?" என்றேன்.

"சாப்ட்டேன்க்கா."

கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் வெடிப்பு வெடிப்பாக உப்புப் புண். நாளைக்கு முகாம் இருக்கு, மறக்காதே என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சாப்ட்டியா என்று கேட்கவா ஐந்து கிலோமீட்டர் நடந்தேன்?

ஜூன் 12, வியாழன்

முகாமுக்கு அவள் வரவில்லை. ஒரு மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடத்திடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனேன். சொன்னால் பதிவேட்டைக் கொண்டா என்பார்.

சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

விளக்கேற்றவில்லை. மூன்று மணிக்கே முழிப்புத் தட்டிவிடுகிறது. இது புதிதில்லை, வருஷக் கணக்காக அப்படித்தான். வழக்கமாக எழுந்து பாத்திரம் தேய்ப்பேன். இன்றைக்கு அதற்கும் கை ஓடவில்லை.

சரசு தவறி விழுந்தது இதே வைகாசிக் கடைசியில்தான்.

அன்று காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினெட்டு, அவளுக்குப் பதினாறு. வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, "யக்கா, நான் இல்லாமப் போயிட்டா நீ அழுவியா?" என்று கேட்டாள். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போடி, கோட்டி" என்றேன். சிரித்தாள். போனாள்.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது அப்பா, தவறி விழுந்துட்டா என்றார். அம்மாவும் அதையே சொன்னாள். என்னைக் கேட்டார்கள். நானும் சொன்னேன். இருபத்தொரு வருஷமாக அதையே சொல்லிச் சொல்லி, நானே அந்தக் கிணற்றடியில் நின்று அவள் கால் வழுக்கினதைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கிணற்றடி அன்றைக்குக் காய்ந்து கிடந்தது.

இதோடு நிறுத்துகிறேன்.

ஜூன் 14, சனி

எழுத முடியாது. பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அது மட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

நாலு மணிக்கு மன்றத்தைத் திறந்தேன். இசக்கி வரவில்லை. அவள் வராத சனிக்கிழமையே கிடையாது. வளர்மதி கழுத்தில் இசக்கியின் விசில் தொங்கியது. எப்போ தந்தாள் என்று கேட்டேன். காலையில் வீட்டுக்கே வந்து கொடுத்தாளாம். இனி நீதான் சொல்லிக்கொடுக்கணும் என்று சொன்னாளாம். பிள்ளை பெருமையாகச் சொன்னது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் அறுந்தது. அதைக் கையில் எடுத்தேனா போட்டேனா தெரியாது. ஓடின தெருவில் யாரோ, கோட்டி நோட்டுக்கே கோட்டி பிடிச்சிருச்சி என்றார்கள். என்னென்ன காட்சியெல்லாம் கண்ணில் வந்தது என்று எழுத மாட்டேன்.

கதவு திறந்துதான் கிடந்தது. இசக்கி தலைக்குக் குளித்து, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, நடுவீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொர்ணம் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வீடு பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அம்மாவின் சேலைகள் ஒரு அடுக்கு, தன்னுடையது ஒரு அடுக்கு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இதமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. பத்து நாளைக்கு முன்னால் அவளிடம் அந்த அமைதி இல்லை.

மூச்சு வாங்க உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்னக்கா செருப்பில்லாம வந்திருக்கிய என்றாள். பையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். மறுபடியும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன் என்று முதல் கேள்வியைத் தொடங்கினேன். எனக்கு அதுதான் தெரிந்த வழி.

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"இன்னைக்காவது ஒம்பதாவது கேப்பியளாக்கா?"

என்ன சொல்கிறாள் என்று புரியாத மாதிரி விழித்தேன்.

"அன்னைக்கு நீங்க கேக்கல. தாள வெளிய எடுக்கும்போதே அதுல டிக் இருந்துச்சி. மத்ததெல்லாம் கறுப்பு, அது மட்டும் நீலம், வேற மை. நான் தலகீழாவே படிச்சிட்டேன். கேப்பாவ கேப்பாவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க மடிச்சி வச்சிட்டிய. சரி, இவியளும் எழுதி முடிச்சிட்டாவன்னு நெனச்சிக்கிட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கடை மூடியிருந்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அதிலும் ஒன்பதாவதில் நீல டிக் தயாராக உட்கார்ந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போட்டது. கிழித்தேன். இரண்டாக, நாலாக, இன்னும் சின்னதாகக் கிழித்துக்கொண்டே இருந்தேன், அவள் என் கையைப் பிடிக்கும்வரை.

பயந்து செத்துக்கொண்டுதான் பேசினேன். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, இசக்கி. பேரு சரசு. கெணத்துல தவறி விழுந்துட்டான்னு ஊர்ல சொல்லுவோம். தவறி விழல. விழுந்த அன்னைக்குக் காலைல எங்கிட்ட வந்து ஒண்ணு கேட்டா. நான் கோட்டின்னு சொல்லி அனுப்பிட்டேன். அதான் என்னால இதக் கேக்க முடியல. இப்ப கேக்கேன். செத்துரலாம்னு நெனைக்கியா?"

சொல்லிவிட்டேன். வீடு இடிந்து விழவில்லை. தெருவில் யாரோ குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது.

இசக்கி மடித்த சேலையைத் தடவினாள். "ஆமாக்கா" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அந்தச் சிரிப்பு போய்விட்டது. பத்தொன்பது வயதுப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக அழுதாள். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எப்போது, என்ன என்று மேடம் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். இன்றைக்கு என்று வைத்திருந்தாள். சாயங்காலம், அம்மா கூட்டம் முடிந்து வருவதற்குள்.

இதை எழுதும்போது மறுபடியும் குளிர்கிறது. நாலு மணிக்கே ஓடாமல் நான் மன்றத்தை ஆறு மணிவரை நடத்தியிருந்தால்?

அங்கேயே உட்கார்ந்து மேடத்துக்குப் போன் போட்டேன். இசக்கியின் கையை விடவில்லை. மேடம் ஆட்டோ பிடித்து வந்தார். சொர்ணம் வந்ததும் மேடமே சொன்னார். சொர்ணம் உள்ளே போய் மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள், அடிபட்டவளைப் பார்ப்பது போல. பிறகு வீட்டில் எதையெல்லாம் எடுத்து அப்புறப்படுத்த வேண்டுமோ, மூன்று பேருமாக எடுத்தோம். பிள்ளையைத் தனியே விடக் கூடாது, திங்கள் காலையில் பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு, அதுவரை ஏதாவது தோன்றினால் எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும் என்று மேடம் இசக்கியிடமே எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு அவளும் ஒரு வரி எழுதி, சொன்னபடி கூப்பிடுவேன் என்று கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் வைத்து மேடத்திடம் பதிவேட்டைக் கொடுத்தேன். நீல டிக்கெல்லாம் நானே வீட்டில் போட்டது என்றேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மூன்று தெருவுக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு தாள். திட்டினால் தேவலை போலிருந்தது. வேலையப் பத்தி மாசக் கடைசில பேசுவோம் என்றார். அப்புறம், நாற்பத்திரண்டு வீட்டுக்கும் திரும்பப் போய்க் கேட்கச் சொன்னார். எந்தப் பேனாவால் எழுதினாலும் சரி, கேட்டபிறகு எழுதச் சொன்னார்.

நாற்பத்திரண்டில் இன்னொரு இசக்கி இருந்தால்? காலையிலேயே கிளம்பிப் பதினோரு வீடு முடித்தேன். ஒன்பதாவதை எல்லா வீட்டிலும் கேட்டேன். பத்து வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் சிரிக்கவில்லை. சாயங்காலமே மேடம் அங்கே போனார்.

வழியில் ஒரு வீட்டில் ஏணி இரவல் வாங்கி, பஸ் ஸ்டாப் பேனரை அவிழ்த்தேன். சுருட்டி எங்கள் வீட்டுப் பரணில் போட்டிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா இசக்கியோடு முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு சொர்ணத்தையும் கூப்பிட்டுப் பேசினார். மாத்திரை, வாரம் ஒரு தடவை வரவேண்டும், அளத்துக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். பயம் எனக்குப் போகவில்லை. ஒரு நாளில் சரியாகிற காரியமில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார்.

சொர்ணம் மாத்திரைக்கு வரிசையில் நின்றாள். நானும் இசக்கியும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் போன் அடித்தார். பார்த்துவிட்டு அப்படியே பைக்குள் போட்டேன். இசக்கி கவனித்தாள்.

"யக்கா, மூணு மணிக்கு எங்க வீட்டு லைட்டு எரியும்போதெல்லாம் ஒங்க வீட்டு லைட்டும் எரியுது. நெசமா, நீங்க தூங்குதியளா?"

வயசாகுதுல்ல என்றேன். நேற்றிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அவள் என் பையை இழுத்துத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். நீல டிக் இல்லாத புதுத் தாள். கறுப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். ஏட்டி, விளையாடாதே என்றேன். அவள் விளையாடவில்லை. முதல் கேள்வியிலிருந்து வரிசையாகக் கேட்டாள். நான் பொய் சொல்ல நினைத்த இடத்திலெல்லாம் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். எட்டு முடிந்தது. தாளை மடிப்பாள் என்று பார்த்தேன். மடிக்கவில்லை.

ஒன்பதாவதையும் கேட்டாள், ஒரு சொல் விடாமல். கேட்டுவிட்டுப் பேனாவைத் தாளில் வைக்காமல் காத்திருந்தாள். மாத்திரை வரிசை நகர்ந்தது. சொர்ணம் திரும்பி எங்களைப் பார்த்தாள். இருபத்தொரு வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"சில நாட்கள்" என்றேன்.

இசக்கி டிக் போட்டாள். பிறகு என் போனை எடுத்து மேடத்தின் நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தாள்.